வாயைத் திறந்தால் யாருக்கு நஷ்டம்? சேவை ஒப்பந்தத்தில் முன்னெச்சரிக்கை விதியை எப்படி எழுதலாம்

எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் போன வருடம் புளோயர் நின்றுபோனது. காற்று போகாவிட்டால் தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் சாகும். அவை செத்தால் நாற்றம் தரைத்தளத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு மாடியாக ஏறும். ஏறியது. மாற்று புளோயர் ஒன்று உண்டு. அது ஏற்கெனவே பழுதாகிக் கழற்றி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. நாலு நாள் டேங்கர் லாரி வைத்துக் கழிவுநீரை வெளியே அனுப்பினோம். சங்கச் செயலாளர் என்ற பாவத்துக்கு இரவு பதினொரு மணிக்கும் எனக்குத்தான் போன்.

ஐந்தாம் நாள், பேரிங் மாற்றி மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, ஆபரேட்டர் பையன் சாவகாசமாகச் சொன்னான்: "சத்தம் ரெண்டு மாசமாவே இருந்துச்சு சார். எங்க சூப்பர்வைசர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்." சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஸ்பேர் எங்க கணக்குல வராது சார். அப்பவே சொல்லியிருந்தா, உங்க ஆளு ஒழுங்கா கிரீஸ் வைக்கலன்னு எங்க தலையிலயே கட்டியிருப்பீங்க. அதான்..."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதும் தெரிந்தது. வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைப் புரட்டினேன். கோளாறு வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும், வராவிட்டால் பில்லில் எவ்வளவு பிடித்தம், தொடர்ந்து வராவிட்டால் ஒப்பந்தத்தை எப்படி ரத்து செய்வது, எல்லாம் இருந்தது. கோளாறு வரப்போகிறது என்று தெரிந்தால் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு வரி கிடையாது. சொன்னால் அவருக்கு வம்பு. சொல்லாவிட்டால், மெஷின் நிற்கும்வரை வம்பில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வந்தது. வேலையில் இருந்த காலத்தில் சில வருடம் ஒப்பந்தப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால், கோளாறை முன்கூட்டியே சொல்ல வைக்கும் இந்த முன்னெச்சரிக்கை விதியை உலகத்தில் யார் யார் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து ஒப்பிட்டேன். லிப்ட், ஜெனரேட்டர், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், மென்பொருள் பராமரிப்பு என்று எந்தச் சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் இந்த ஒப்பீடு உதவும்.

முதல் வழி, எதுவும் எழுதாமல் சட்டத்தை நம்பி விட்டுவிடுவது. பெரும்பாலான ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தங்கள் இந்த ரகம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 'முன்கூட்டியே சொல்' என்ற கடமை அங்கங்கே தலைகாட்டத்தான் செய்கிறது. 214-ஆம் பிரிவைப் பாருங்கள்: முகவராக, அதாவது இன்னொருவர் சார்பில் செயல்படுகிறவராக, இருப்பவர் சிக்கலில் மாட்டினால், தன்னை நியமித்தவருக்கு அதைத் தெரிவித்து அவருடைய உத்தரவைப் பெற இயன்றவரை முயல வேண்டும். 150-ஆம் பிரிவு இன்னொரு பக்கம்: ஒரு பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும்போது, அதில் தனக்குத் தெரிந்த குறை அவருக்கு அசாதாரண ஆபத்தைத் தரக்கூடியது என்றால் ஒப்படைக்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஜெனரேட்டரை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது நினைவில் வைக்க வேண்டிய விஷயம். 55-ஆம் பிரிவு வாடிக்கையாளருக்கே ஒரு குட்டு வைக்கிறது. நேரம் முக்கியம் என்று பேசிய ஒப்பந்தத்தில் தாமதமான வேலையை ஏற்றுக்கொண்டால், ஏற்கும் அந்த நேரத்திலேயே 'நஷ்டஈடு கேட்பேன்' என்று அறிவித்திருக்க வேண்டும். பிறகு கேட்க முடியாது.

ஆனால் இவை எல்லாம் தனித்தனித் தீவுகள். மெஷினைப் பராமரிக்கிற ஒப்பந்ததாரர் சட்டத்தின் கண்ணில் பொதுவாக முகவர் கிடையாது. 'புளோயர் சத்தம் போடுகிறது, ஒரு மாதத்தில் நிற்கும்' என்று அவர் சொல்லியே ஆக வேண்டும் என்ற பொதுவான கடமையை இந்தப் பிரிவுகளிலிருந்து வழக்கறிஞர் வாதாடி வரவழைக்கலாம். அதற்கு ஆகும் செலவில் நாலு புளோயர் வாங்கிவிடலாம். அதோடு, அவருக்கு முன்பே தெரியும் என்பதை யார் நிரூபிப்பது? அந்தப் பையன் சாட்சிக்கு வருவானா? தண்ணீர் கேன் போடுகிறவர், தோட்டக்காரர் மாதிரி, கோளாறு வந்தாலும் நஷ்டம் சில நூறு ரூபாயோடு முடிகிற வேலைகளுக்கு இந்த முதல் வழியே போதும்.

இரண்டாவது வழி, கெடு வைத்து மிரட்டுவது. 'இத்தனை நாளுக்குள் எழுத்தில் அறிவிக்காவிட்டால் கூடுதல் பணமும் கிடையாது, கூடுதல் நாளும் கிடையாது.' ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பு வெளியிடும், கட்டுமான உலகத்தில் பிரபலமான மாதிரி ஒப்பந்தங்களின் 2017 பதிப்பில் 20.2-ஆம் விதி இதற்கு நல்ல உதாரணம்: விஷயம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும். அதே புத்தகத்தில் 8.4 என்று இன்னொரு விதியும் இருக்கிறது. செலவைக் கூட்டக்கூடிய, வேலையைத் தாமதப்படுத்தக்கூடிய எதையும் இரு தரப்பும் பொறியாளரும் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது. பார்க்க நல்ல விதி. ஆனால் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த விதியில் ஒன்றுமே இல்லை. பல் இருக்கிற விதி 20.2, பல் இல்லாத விதி 8.4. வேலை செய்கிறவர் எதை மதிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இந்தக் கெடு வழி பிடிக்காததற்கு மூன்று காரணம். ஒன்று, இதில் எச்சரிக்கையும் கிளெய்மும் (கூடுதல் பணம் கேட்பதும்) ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கெடு தவறினால் பணம் போய்விடும் என்ற பயத்தில் ஒப்பந்ததாரர் சின்னதற்கும் பெரியதற்கும் கடிதம் போடுவார். கடிதம் வந்தாலே 'காசு கேட்கப் போகிறான்' என்று வாடிக்கையாளர் முறைப்பார். நூறு கடிதத்தில் உண்மையான ஆபத்தைச் சொல்கிற ஒன்று காணாமல் போகும்.

இரண்டாவது காரணம், கெடு எப்போது ஆரம்பித்தது, யார் அறிவித்திருக்க வேண்டும் என்பதே தனி வழக்காகிவிடும். வட அயர்லாந்தில் வீட்டுவசதி அமைப்புக்கு ஆஸ்பெஸ்டாஸ் கணக்கெடுப்புச் சேவை செய்த ஆலோசனை நிறுவனம் ஒன்றின் வழக்கு இதற்குப் பாடப்புத்தகம். என்.இ.சி. என்ற பிரிட்டிஷ் மாதிரி ஒப்பந்த வகையில் (அதைப் பற்றி மூன்றாவது வழியில் சொல்கிறேன்) தொழில்முறைச் சேவைக்கான ஒப்பந்தம். கெடு 8 வாரம். வேலையின் அளவைக் கூட்டும் உத்தரவு வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. நிறுவனம் 8 வாரம் தாண்டித்தான் கூடுதல் தொகைக்கு அறிவிப்புக் கொடுத்தது. கெடு முடிந்தது என்றார் வாடிக்கையாளர். உத்தரவு போட்டவரே அப்போது அறிவித்திருக்க வேண்டும், அதனால் கெடு இங்கே பொருந்தாது என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சரி, முடிந்ததா? இல்லை. தொகையைக் கணக்கிட உண்மையில் ஆன நேரப் பதிவுகளைக் காட்ட வேண்டுமா என்று மறுபடி நீதிமன்றம் போனார்கள். காட்ட வேண்டும் என்று 2017-இல் தீர்ப்பு. வேலை என்னவோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

மூன்றாவது நம் ஊர்க் காரணம். ஒரு குறிப்பிட்ட காலம் முடிந்ததும் ஒரு தரப்பின் உரிமையே அழிந்துவிடும் என்று எழுதுகிற ஒப்பந்த வரிகளை, ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு 1997 திருத்தத்துக்குப் பிறகு செல்லாது என்கிறது. உங்கள் கெடு வரி அந்த வலையில் விழுமா, தப்புமா என்பது எழுதிய விதத்தைப் பொறுத்தது. ஒரு குடியிருப்புச் சங்கம் அந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டுமா?

மூன்றாவது வழிதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. பிரிட்டனில் மார்ட்டின் பார்ன்ஸ் தலைமையில் எழுதப்பட்டு, 1993-இல் முதல் பதிப்பு வந்த என்.இ.சி. குடும்பம். கட்டடம், பாலம் என்று ஆரம்பித்தது. 2005-இல் மூன்றாம் பதிப்போடு பராமரிப்பு போன்ற காலமுறைச் சேவைகளுக்கென்றே தனி ஒப்பந்தம் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2017-இன் நான்காம் பதிப்பு. அதன் 15-ஆம் விதி சுருக்கமாக இது: விலையைக் கூட்டக்கூடிய, சேவையின் நேரத்தைக் குலைக்கக்கூடிய, சேவையின் பலனைக் குறைக்கக்கூடிய எந்த விஷயமும் தெரிந்த உடனே ஒப்பந்ததாரரும் வாடிக்கையாளரின் சேவை மேலாளரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். சொன்னதை மேலாளர் ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒப்பந்தம் தொடங்கி ஒரு வாரத்துக்குள் முதல் பதிவேடு, இரண்டு வாரத்துக்குள் முதல் கூட்டம். அப்புறம் குறித்த இடைவெளியில் தொடர்ந்து கூட்டம். இடையிலும் யார் வேண்டுமானாலும் மற்றவரைக் கூட்டத்துக்கு அழைக்கலாம்.

கூட்டத்தில் செய்ய வேண்டியதையும் எழுதியிருக்கிறார்கள்: பாதிப்பைத் தவிர்க்க என்ன வழி, குறைக்க என்ன வழி, யார் எதைச் செய்வது, எந்த விஷயம் முடிந்தது என்று பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். தவறு யாருடையது என்ற கேள்வி அந்தப் பட்டியலிலேயே இல்லை. மூன்றாம் பதிப்பில் இந்தப் பதிவேட்டுக்கு 'இடர்ப் பதிவேடு' என்றும், கூட்டத்துக்கு 'இடர் குறைப்புக் கூட்டம்' என்றும் பெயர். நான்காம் பதிப்பில் இரண்டிலும் 'முன்னெச்சரிக்கை' என்ற சொல்லையே வைத்துவிட்டார்கள். 'இடர்' என்றால், இந்த இடரை யார் ஏற்பது என்று பேச்சு பணத்துக்குப் போய்விடும். 'முன்னெச்சரிக்கை' என்பதில் அந்த வாடை குறைவு.

பணம் தனி வாசலில் நடக்கிறது. கூடுதல் தொகை வேண்டுமென்றால் அதற்கு வேறு அறிவிப்பு, வேறு கெடு. எச்சரிக்கை கொடுத்ததால் தவறை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, பணம் கேட்டதாகவும் ஆகாது. ஆனால் எச்சரிக்காமல் இருந்தால் விளைவு உண்டு, அதுவும் அளவான விளைவு. அனுபவமுள்ள ஒரு ஒப்பந்ததாரர் சொல்லியிருக்கக்கூடியதை இவர் சொல்லவில்லை என்றால், பின்னால் கூடுதல் தொகையைக் கணக்கிடும்போது 'அப்போதே சொல்லியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்' என்று பார்த்து அந்தத் தொகையைத்தான் கொடுப்பார்கள். உரிமை முழுவதும் போகாது. மௌனத்தால் ஏறிய பகுதி மட்டும் அவர் தலையில். எங்கள் கதையில் இதை வைத்துப் பாருங்கள். பேரிங் விலை சங்கத்தின் செலவு, அது எப்படியும் ஆகியிருக்கும். நாலு நாள் டேங்கர் செலவு சூப்பர்வைசர் முழுங்கிய அந்த 'அதான்' கணக்கில். இதைவிட நியாயமான பங்கீடு எனக்குத் தோன்றவில்லை.

குறையும் உண்டு. வாடிக்கையாளர் தரப்பு சொல்லாமல் இருந்தால் இதே மாதிரி நேரடியான பிடித்தம் எதுவும் இல்லை. கடமை இரண்டு பக்கம், பிரம்பு ஒரு பக்கம். இன்னொன்று, இந்த முறைக்கு ஆள் வேண்டும். பதிவேடு பார்க்க, கூட்டம் நடத்த, குறிப்பு எழுத முழுநேரச் சேவை மேலாளர் இருக்கிற நிறுவனத்துக்குச் சரி. ஹாங்காங் அரசு 2009-இல் சாய் குங் பகுதியில் ஒரு வடிகால் திட்டத்தில் சோதித்துப் பார்த்துத்தான் என்.இ.சி.க்குள் மெல்ல நுழைந்தது. அரசாங்கத்துக்கே அவ்வளவு தயக்கம். எங்கள் சங்கத்தில் பொருளாளர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைப்பார்.

இதற்கும் இரண்டாவது வழிக்கும் நடுவில் ஒரு இளைத்த வடிவம் இருக்கிறது. உலக வங்கியின் சிறு கட்டுமானப் பணிகளுக்கான மாதிரி ஆவணத்தில் முன்னெச்சரிக்கை என்றே ஒரு விதி. தரம், விலை, தாமதம் இவற்றைப் பாதிக்கக்கூடியதை ஒப்பந்ததாரர் முதல் வாய்ப்பிலேயே திட்ட மேலாளரிடம் சொல்ல வேண்டும். மேலாளர் கேட்டால் பாதிப்பு எவ்வளவு என்று மதிப்பீடும் தர வேண்டும். சொல்லாததால் முதலாளிக்கு எவ்வளவு பாதிப்போ அந்த அளவுக்கு இழப்பீடு குறையும். விளைவு என்.இ.சி. மாதிரியே அளவாக இருக்கிறது, பதிவேட்டுச் சுமை இல்லை. ஆனால் எச்சரிப்பது ஒப்பந்ததாரர் மட்டும்தான். மேலாளர் பதிலுக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சாலை போடுகிற வேலைக்கு அது ஓரளவு ஓடலாம். சேவை ஒப்பந்தத்தில், வாடிக்கையாளர் இடத்தில் வாடிக்கையாளர் பொருளை வைத்துத்தான் வேலையே நடக்கிறது. பாதித் தகவல் அவரிடம்தான் இருக்கும்.

அந்த இன்னொரு பாதியை நன்றாக யோசித்து எழுதியது ஐரோப்பியச் சட்டப் பேராசிரியர்கள். 2009-இல் வெளிவந்த பொதுச் சட்டக வரைவில் சேவை ஒப்பந்தங்களுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. அது சட்டமாக நிறைவேறவில்லை, மாதிரி வரைவுதான். ஆனால் அதில் எடுத்துக்கொள்ள மூன்று விஷயம் உண்டு. எச்சரிக்கைக் கடமை கையெழுத்துக்கு முன்பே ஆரம்பிக்கிறது: வாடிக்கையாளர் எதிர்பார்க்கிற பலன் கிடைக்காது, அவருடைய வேறு நலனுக்குச் சேதம் வரும், செலவோ நேரமோ கூடும் என்று தெரிந்தால், ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே சேவையாளர் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் பழைய மெஷினைப் பராமரிக்க வருகிறவர், 'இந்த இரண்டாவது புளோயரை மாற்றாமல் உத்தரவாதம் தர முடியாது' என்று முதல் நாளே சொல்வது இதற்குள் வரும். அடுத்து, வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. நாற்றம் உங்கள் மூக்குக்கே வந்த பிறகு 'ஏன் சொல்லவில்லை' என்று கேட்க வழியில்லை.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சேவையாளர் சொதப்பப் போகிறார் என்று வேலை நடக்கும்போதே வாடிக்கையாளருக்குத் தெரிந்தால், வாடிக்கையாளரும் சொல்ல வேண்டும். கடைசிவரை வேடிக்கை பார்த்துவிட்டு மொத்தமாகப் பிடித்தம் போடுகிற பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. சொல்லாமல் இருந்ததால் சேவையாளருக்கு ஆன கூடுதல் செலவும் நேரமும் வாடிக்கையாளர் கணக்கில். செக்யூரிட்டி ஏஜென்சி பில்லில் மாதக் கடைசியில் பட்டியல் போட்டுக் காசு பிடிக்கிற சங்கங்களுக்கு, எங்களையும் சேர்த்துத்தான், இது கொஞ்சம் சுடும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மென்பொருள், டேட்டா சேவைகளில் 'சம்பவ அறிவிப்பு' என்று ஒரு விதி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முன்னெச்சரிக்கை இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2023-இல் கொண்டுவந்த ஐ.டி. வெளிப்பணி (அவுட்சோர்சிங்) விதிகளின்படி, சேவை நிறுவனத்தில் இணையத் தாக்குதல் கண்டுபிடிக்கப்பட்ட 6 மணி நேரத்துக்குள் வங்கி ரிசர்வ் வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கு வசதியாகச் சேவை நிறுவனம் தாமதமின்றி வங்கிக்குச் சொல்ல வேண்டும். கட்டாயம் தேவையான விதி. ஆனால் திருட்டு நடந்த பிறகு கொடுக்கிற தகவல் அது. பூட்டு இற்றுப்போயிருக்கிறது என்று முந்தின மாதம் சொல்வதற்குத் தனி வரி வேண்டும்.

எதை எடுப்பது? இரு பக்கமும் முழுநேர ஆள் இருக்கிற பெரிய பராமரிப்பு ஒப்பந்தம், பல வருடம் ஓடுவது என்றால் என்.இ.சி. வடிவத்தை அப்படியே எடுங்கள். பாதியை வெட்டி மீதியை வைத்தால் வேலை செய்யாது. ஆலோசகர், கட்டட வடிவமைப்பாளர், மென்பொருள் எழுதுகிறவர் மாதிரி மூளை வேலைக்கு ஐரோப்பிய வரைவின் 'கையெழுத்துக்கு முன்பே சொல்' விதி அதிகம் உதவும். அங்கே நஷ்டம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே விதைக்கப்படுகிறது. அரசுத் துறையோடு ஒப்பந்தம் என்றால் உங்களுக்குத் தேர்வு கிடையாது. அவர்கள் தாளில் இருக்கிற கெடுவைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு எழுத்தில் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எங்களைப் போன்ற நடுத்தர ஏ.எம்.சி.க்கு நான் கலந்து எழுதினேன். நாலு வரிதான். சேவையின் பலனையோ செலவையோ பாதிக்கக்கூடியது தெரிந்தால் இரு தரப்பும் இரண்டு வேலை நாளுக்குள் குறிப்பிட்ட வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட வேண்டும். அந்தக் குழுவே பதிவேடு. அப்படிச் சொன்னதை வைத்துத் தவறை ஒப்புக்கொண்டதாகவோ பணம் கேட்டதாகவோ எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தச் செய்தியை ஆதாரமாகக் காட்டிப் பிடித்தமும் போடக் கூடாது. சொல்லாததால் ஏறிய செலவு சொல்லாதவர் தலையில், அவர் எந்தத் தரப்பாக இருந்தாலும். மாதம் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் மெஷின் ரூமில் நின்றே பேசுவது. ஆபரேட்டரும் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி வரியைச் சேர்த்தது அந்தப் பையனை நினைத்துத்தான். முதலில் தெரிவது அவனுக்கு, கடைசியில் கேட்பது நாங்கள்.

கமிட்டியில் இரண்டு பேர் எதிர்த்தார்கள். பிடித்தம் போடக் கூடாது என்றால் இவனுக்கு ரொம்ப வசதி, எல்லாக் கோளாறையும் குழுவில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வான் என்றார்கள். வேலையைச் செய்யாததற்கான பிடித்தம் அப்படியே இருக்கிறது, முன்கூட்டிச் சொன்னதற்குத்தான் பிடித்தம் இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. பாதி மனதோடு ஒத்துக்கொண்டார்கள்.

ஒப்பந்ததாரர் வரைவைப் படித்துவிட்டு மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "எந்தத் தரப்பானாலும்னு போட்டிருக்கீங்க. நிஜமாவா சார்?" நிஜம்தான் என்றேன். உடனே பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். முன்பே எழுதி வைத்திருந்தார் போல. பார்ட்டி ஹாலில் விசேஷம் என்றால் மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும், அன்றைக்குத் தொட்டிக்கு வருகிற கழிவுநீர் எகிறிவிடுகிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரைக் கழிவுக் குழாயில் விடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அது நுண்ணுயிர்களைக் கொல்கிறது. போன வருடம் இரண்டு தடவை அப்படி நடந்ததாம், தேதியோடு குறித்திருந்தார். எனக்குத் தெரியாது. ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.